ராணுவ பி.ஏ.க்களின் அவசர மருத்துவ ரெசிடென்சி: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சஸில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். அமெரிக்க ராணுவத்தில் பிள்ளைகள் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களும், தமிழ்நாட்டில் பி.ஏ. (பிசிஷியன் அசிஸ்டென்ட், கலைப் பட்டமான பி.ஏ. அல்ல) படிக்கும் மாணவர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் எழுதிச் சலித்துவிட்டதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ராணுவம் என்று இங்கே நான் சொல்வது அமெரிக்கத் தரைப்படையை. ரெசிடென்சி என்பது, ஏற்கனவே படித்து முடித்த பி.ஏ.க்கள் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே அவசர சிகிச்சையில் பெறும் மேற்பயிற்சி.

என் தங்கை மகன் அமெரிக்க ராணுவத்தில் பி.ஏ. என்கிறார்கள். அவன் டாக்டரா, நர்ஸா, கம்பவுண்டரா?

மூன்றும் இல்லை. பி.ஏ. என்பது பிசிஷியன் அசிஸ்டென்ட். நோயாளியைப் பரிசோதிப்பார், இன்ன நோய் என்று முடிவு செய்வார், மருந்து எழுதுவார், தையல் போடுவார், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவார். மருத்துவர் ஒருவரோடு இணைந்து பணியாற்ற வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த மருத்துவர் பக்கத்திலேயே நிற்பார் என்று நினைக்க வேண்டாம். ராணுவத்தில் அவர் பல நேரம் தொலைபேசியின் மறுமுனையில்தான் இருப்பார்.

இந்தத் தொழில் பிறந்ததே ராணுவத்தை ஒட்டித்தான். 1965இல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் முதல் வகுப்பைத் தொடங்கியபோது அதில் சேர்ந்த நால்வரும் கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாகப் பயிற்சி பெற்றவர்கள். அவர்களில் மூவர் 1967இல் படிப்பை முடித்தார்கள். போரில் காயம்பட்டவர்களைக் கவனித்த கைகள் ஊர் திரும்பிய பிறகு சும்மா இருக்கின்றனவே என்பதுதான் அன்றைய யோசனை. தரைப்படையில் பி.ஏ.க்கள் 1992 வரை வாரன்ட் அதிகாரிகளாக, அதாவது சிப்பாய்க்கும் முழு அதிகாரிக்கும் இடைப்பட்ட பதவியில், இருந்தார்கள். அதன் பிறகுதான் மற்ற மருத்துவத் துறை அதிகாரிகளைப் போல முழு அதிகாரி ஆனார்கள்.

அந்தப் படிப்பை ராணுவமே சொல்லித்தருமா?

தரும். சான் ஆன்டோனியோவில் உள்ள ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில் எல்லாப் படைகளுக்கும் பொதுவாக ஒரு பி.ஏ. பள்ளி இருக்கிறது. முதல் கட்டம் வகுப்பறை, இரண்டாம் கட்டம் ராணுவ மருத்துவமனைகள். மொத்தம் இரண்டரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. முதுகலைப் பட்டத்தை நெப்ராஸ்கா பல்கலைக்கழக மருத்துவ மையம் வழங்குகிறது. சிப்பாயாகச் சேர்ந்து, மெடிக்காக (படையோடு போய் முதலுதவி செய்யும் சிப்பாய்) இருந்து, இந்தப் பள்ளி வழியாக அதிகாரியாக வெளியே வருபவர்கள் நிறைய. வெளியே பி.ஏ. படித்துவிட்டு நேரடியாகப் படையில் சேர்பவர்களும் உண்டு.

படித்து முடித்து, தேர்வெழுதி, உரிமமும் வாங்கி வேலையில் இருப்பவருக்கு எதற்கு மறுபடியும் படிப்பு?

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். ஒரு பட்டாலியனில் ஐந்நூறிலிருந்து எண்ணூறு பேர் வரை இருப்பார்கள். அன்றாடம் அவர்களுக்கு மருத்துவம் பார்ப்பவர் பட்டாலியன் பி.ஏ. மருத்துவர் ஒருவர் காகிதத்தில் இருப்பார். படை வெளிநாடு கிளம்பும்போது வந்து சேர்ந்துகொள்வார். மற்ற நாட்களில் மெடிக்குகளுக்குப் பாடம் எடுப்பது, மருந்து இருப்பைக் கவனிப்பது, தளபதியிடம் போய் இன்னாரை இந்தப் பயிற்சிக்கு அனுப்ப முடியாது என்று சொல்வது எல்லாம் பி.ஏ.வின் தலையில்தான்.

அங்கே வரும் நோயாளிகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். இருபது இருபத்தைந்து வயது, ஓடியாடும் உடம்பு. கணுக்கால் சுளுக்கு, முதுகுவலி, சளி, தோல் அரிப்பு. இப்படியே மூன்று ஆண்டுகள் போகலாம். பிறகு ஒரு நாள் இரண்டு கால்களும் சிதைந்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மூன்று ஆண்டுச் சுளுக்கு வைத்தியம் அந்த ஒரு மணி நேரத்துக்கு எந்த விதத்திலும் தயார் செய்திருக்காது. அடிப்படைப் படிப்பில் அவசர சிகிச்சைக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். நடுவில் இருக்கும் அந்தப் பள்ளத்தை மூடத்தான் இந்த ரெசிடென்சி.

எங்கே நடக்கிறது, எத்தனை மாதம்?

18 மாதம். சான் ஆன்டோனியோவில் உள்ள ப்ரூக் ராணுவ மருத்துவ மையம் இதில் பழையதும் பெயர் பெற்றதும். வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா அருகே மடிகன், மத்திய டெக்சஸில் டார்னல் போன்ற ராணுவ மருத்துவமனைகளிலும் இது நடந்திருக்கிறது. சில ஆவணங்களில் ரெசிடென்சி என்றும் சிலவற்றில் ஃபெல்லோஷிப் என்றும் இருக்கும். குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றே.

ப்ரூக்கின் பலம் ராணுவம் அல்ல, ஊர்மக்கள். அது முதல்நிலை, அதாவது மிக உயர்ந்த தர, விபத்துச் சிகிச்சை மையம். நெடுஞ்சாலையில் கார் கவிழ்ந்தவர், துப்பாக்கிச் சூட்டில் காயம்பட்டவர் என ராணுவத்தோடு தொடர்பே இல்லாதவர்களையும் ஆம்புலன்ஸ்கள் அங்கே கொண்டுபோகின்றன. ராணுவத்தின் தீக்காய மையமும் அதே வளாகத்தில் இருக்கிறது. போர் இல்லாத காலத்தில் போர்க்காயத்துக்குக் கிட்டத்தட்ட இணையான காயங்களைத் தினமும் பார்க்க முடிவது இதனால்தான்.

பதினெட்டு மாதம் அப்படி என்னதான் செய்வார்கள்?

பெரும்பகுதி அவசரப் பிரிவில் ஷிப்ட். காலை, மாலை, இரவு மாறி மாறி வரும். நடுநடுவே மயக்க மருந்துத் துறை, தீவிர சிகிச்சைப் பிரிவு, எலும்பு, கண், குழந்தைகள், மகப்பேறு, விபத்து அறுவை, தீக்காயம், அல்ட்ராசவுண்ட், ஆம்புலன்ஸ் சேவை. மயக்க மருந்துத் துறைக்கு அனுப்புவது மயக்கம் கொடுக்கக் கற்க அல்ல. மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தும் கைப்பழக்கத்தை அமைதியான அறையில், அவசரமில்லாத நோயாளியிடம் முதலில் பெற்றுக்கொள்ளத்தான். இவற்றோடு வாராந்திர வகுப்பு, சிமுலேஷன் (பொம்மையை நோயாளியாக வைத்துச் செய்யும் ஒத்திகை), ஓர் ஆய்வுப் பணி.

செவிலியராக நான் பார்த்ததைச் சொல்கிறேன். இப்படிப் பயிற்சிக்கு வருபவர்களிடம் முதல் சில மாதங்களில் மாறுவது கைத்திறன் அல்ல, கேள்வி. ஆரம்பத்தில், ‘இவருக்கு என்ன நோய்?’ என்று கேட்பார்கள். போகப் போக, ‘இந்த நெஞ்சுவலியில் இவரைக் கொல்லக்கூடியது எது, அது இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறேன்?’ என்று கேட்கத் தொடங்குவார்கள். அவசர மருத்துவத்தின் புத்தி அதுதான். வலிக்குப் பெயர் வைக்க நாளைக்கு நேரம் இருக்கும்.

சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பார்த்து எதற்கு நேரத்தை வீணாக்க வேண்டும்?

ராப்பகலாகக் குண்டு விழும் ஊரில் சிப்பாய்கள் மட்டுமா இருக்கிறார்கள்? ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளுக்கு உள்ளூர்க் குழந்தைகளும் காயத்தோடு வந்தார்கள். பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தைக்கு எவ்வளவு மருந்து, எந்த அளவுக் குழாய் என்பதை அந்த நேரத்தில் முதல் முறையாக யோசிப்பவர் தடுமாறுவார். தவிர, படையில் பெண்களும் இருக்கிறார்கள். கருக்குழாயில் கரு தங்கி உள்ளே ரத்தம் கசியும் இளம்பெண் வயிற்றுவலி என்றுதான் வந்து நிற்பார்.

எழுபது வயது முதியவர்களை ஏன் பார்க்க வேண்டும் என்றும் இதே வரிசையில் கேட்டார் ஒருவர். நோய் மோசமாகும்போது உடம்பு எப்படிப் பேசுகிறது என்பதை அவர்களிடம்தான் தினமும் கேட்கலாம். இருபது வயது உடம்பு கடைசி நிமிடம் வரை நன்றாக இருப்பதாகக் காட்டிவிட்டுச் சட்டென்று சரியும்.

மூச்சுக்குழாயில் குழாய் போடுவதுதானே இதில் பெரிய வித்தை?

குழாய் போடுவதைவிட எப்போது போடக் கூடாது என்பதே பெரிய வித்தை. ரத்தம் நிறைய இழந்த ஒருவர் உங்கள் முன் இருக்கிறார். நாடித்துடிப்பு 140, ரத்த அழுத்தம் 70. அரைமயக்கத்தில் முனகுகிறார். புதியவரின் கை தானாகக் குழாயை நோக்கிப் போகும். ஆனால் அந்த ஆளை உயிரோடு வைத்திருப்பது இறுகிய ரத்தநாளங்களும் இதயத்துக்குத் திரும்பி வரும் கொஞ்சம் ரத்தமும்தான். மயக்க மருந்து கொடுத்தவுடன் நாளங்கள் தளரும். இயந்திரம் காற்றை உள்ளே தள்ளும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடும், திரும்பி வரும் ரத்தம் இன்னும் குறையும். குழாய் மிகச் சரியான இடத்தில் இருக்கும், இதயம் நின்றிருக்கும்.

எனவே முதலில் ரத்தப்போக்கை நிறுத்து, ரத்தம் ஏற்று. குழாய் போட்டே ஆக வேண்டும் என்றால் மயக்க மருந்தான கெட்டமினின் அளவைக் குறை. தசையைத் தளர்த்தும் மருந்தைக் கூட்டிக் கொடு, ஏனென்றால் மந்தமாக ஓடும் ரத்தத்தில் அது போய்ச் சேரத் தாமதமாகும். இதைப் புத்தகத்தில் படிக்க ஐந்து நிமிடம் போதும். பதற்றத்தில் எல்லோரும் ‘குழாய், குழாய்’ என்று கத்தும்போது கையை நிறுத்தி வைக்க, மூத்த மருத்துவர் ஒருவர் தோளுக்குப் பின்னால் நின்று பலமுறை தடுத்திருக்க வேண்டும்.

காட்டிலும் பாலைவனத்திலும் ரத்தத்துக்கு எங்கே போவார்கள்?

பக்கத்தில் நிற்பவரிடம். இதை நடமாடும் ரத்த வங்கி என்கிறார்கள். ஓ பிரிவு ரத்தம் உள்ளவர்களில், மற்ற பிரிவுகளுக்கு எதிரான எதிர்ப்பொருள் குறைவாக உள்ள வீரர்களைப் படை கிளம்பும் முன்பே பரிசோதித்துப் பட்டியல் எடுத்து வைப்பார்கள். தேவைப்படும்போது அவர்களின் கையிலிருந்து சுமார் 450 மில்லி ரத்தத்தைப் பையில் எடுத்து, சூடு ஆறாமல் காயம்பட்டவருக்கு ஏற்றுவார்கள். கூடவே கால்சியம். பையில் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கால்சியம் குறைந்தால் ரத்தம் உறைவதும் இதயம் சுருங்குவதும் கெடும்.

இவ்வளவு அக்கறை ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. 2001 முதல் 2011 வரை ஈராக், ஆப்கன் போர்களில் இறந்த 4,596 அமெரிக்க வீரர்களைப் பற்றிய ஆய்வில், சுமார் 87 சதவீதம் பேர் மருத்துவமனையை அடையும் முன்பே இறந்தார்கள் என்று தெரிந்தது. அப்படி இறந்தவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் பிழைத்திருக்கக்கூடியவர். அந்தப் பிழைத்திருக்கக்கூடியவர்களில் பத்தில் ஒன்பது பேரைக் கொன்றது ரத்தப்போக்கு. அறுவை அரங்குக்கு முன்னால் இருக்கும் அந்த இடம்தான் பட்டாலியன் பி.ஏ.வின் இடம்.

சான் ஆன்டோனியோவைச் சுற்றிய பகுதியில் 2018 முதல் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ்களே முழு ரத்தம் (கூறுகளாகப் பிரிக்காத ரத்தம்) எடுத்துச் செல்கின்றன. போர்க்களப் பாடம் ஊருக்குள் வந்ததற்கு அது நல்ல உதாரணம். நம் ஊர் நெடுஞ்சாலைகளுக்கும் வந்தால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

ஹெலிகாப்டர்தான் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுமே, அதற்குள் இவர் என்ன பெரிதாகச் செய்துவிடப் போகிறார்?

ஆப்கனில் வந்தது உண்மை. 2009இல் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ், காயம்பட்டவரை 60 நிமிடத்துக்குள் உரிய சிகிச்சை இடத்தில் சேர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டார், மரணங்களும் குறைந்தன. ஆனால் வானம் கையில் இருந்ததால் அது முடிந்தது. எதிரியிடமும் ஏவுகணையும் ட்ரோனும் இருந்தால் ஹெலிகாப்டர் முன்னணிக்கு வராது. உக்ரைனில் காயம்பட்டவர்கள் இருட்டும் வரை, சில சமயம் நாள்கணக்கில், பதுங்குகுழியிலேயே காத்திருக்க நேர்கிறது.

அப்போது வேலை ஒரு மணி நேரத்திலிருந்து ஒரு நாள், இரண்டு நாள் என்று நீளும். ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டிய டூர்னிக்கெட் பட்டையை எப்போது மாற்றுவது, சிறுநீர் எவ்வளவு போகிறது, ஆன்டிபயாட்டிக்கின் அடுத்த வேளை எப்போது, வலிமருந்து எத்தனை மணி நேரம் தாங்கும் என்று மெடிக் வைத்திருக்கும் அட்டையில் பேனாவால் எழுதி எழுதிக் கவனிக்க வேண்டியிருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் மாதக்கணக்கில் இரவு விழித்தது இங்கேதான் கைகொடுக்கும். ரெசிடென்சி வேண்டுமா என்ற கேள்விக்கு மேலே சொன்ன பதிலைவிட வலுவான பதில் இதுவே என்று நினைக்கிறேன்.

இதை முடித்துவிட்டால் அவசர மருத்துவ டாக்டருக்குச் சமம் ஆகிவிடுவாரா?

ஆக மாட்டார். எம்.டி. (அமெரிக்காவில் அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) முடித்தவர் அவசர மருத்துவத்தில் மூன்று அல்லது நான்கு ஆண்டு ரெசிடென்சி செய்கிறார். அதற்கு முன் மருத்துவக் கல்லூரி நான்கு ஆண்டு. 18 மாதம் அதற்கு ஈடாகாது, நல்ல பி.ஏ. யாரும் ஈடு என்று சொல்லி நான் கேட்டதில்லை. அரிதான நோயிலும் ஒரே ஆளிடம் பல நோய்கள் பின்னிக்கிடக்கும்போதும் வித்தியாசம் தெரியும். ஆனால் குறிப்பிட்ட ஒரு காயம், குறிப்பிட்ட ஒரு செயல்முறை என்று வரும்போது, நன்றாகப் பயிற்சி பெற்ற பி.ஏ.வின் கையை நான் நம்புவேன்.

ஒரே வார்டில் இரண்டு வகைப் பயிற்சியாளர்களும் இருந்தால் யாருக்கு நோயாளி என்ற இழுபறி வரத்தான் செய்யும். நெஞ்சில் செலுத்த வேண்டிய குழாய் ஒன்று, ஆர்வக் கைகள் இரண்டு. மூத்த மருத்துவர் நிதானமானவராக இருந்தால் முறை வைத்துத் தீர்த்துவிடுவார்.

டாக்டரேட் பட்டமும் கிடைக்கிறதாமே! அப்படியானால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமா?

பட்டம் உண்மை. பேய்லர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ராணுவம் இந்தப் பயிற்சிக்கு அறிவியல் டாக்டர் பட்டம் வழங்குகிறது. முன்பு சொன்ன ஆய்வுப் பணி அதற்காகத்தான். பட்டமளிப்பு விழாவிலும் கட்டுரையின் மேலேயும் தாராளமாக டாக்டர் போடலாம். நோயாளியின் கட்டிலருகே, ‘நான் பி.ஏ.’ என்றுதான் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். வலியில் கிடப்பவருக்குத் தன்னைப் பார்ப்பவர் யார் என்பது தெளிவாகத் தெரிந்தாக வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. பெண் பார்க்கப் போகும்போது என்ன சொல்வது என்று ஒரு பெரியம்மா கேட்டார். அது என் துறை அல்ல.

வேலை பார்த்துக்கொண்டே ஒரு சான்றிதழ்த் தேர்வு எழுதலாமாமே, அது போதாதா?

அது வேறு, இது வேறு. தேசிய பி.ஏ. சான்றளிப்பு ஆணையம் 2011 முதல் அவசர மருத்துவத்தில் கூடுதல் தகுதிச் சான்றிதழ் தருகிறது. அந்தத் துறையில் 3,000 மணி நேர அனுபவம், தொடர்கல்விப் புள்ளிகள், பிறகு ஒரு தேர்வு. ஏற்கனவே கற்றதை அது சோதிக்கிறது, கற்றுத்தருவதில்லை. பட்டாலியனில் சுளுக்கு பார்ப்பவருக்கு அந்த 3,000 மணி நேரம் எங்கிருந்து கிடைக்கும்? ரெசிடென்சி முடித்தவர்கள் பிறகு இந்தத் தேர்வையும் எழுதுவது நல்லது, படையை விட்டு வெளியே வேலை தேடும்போது உதவும்.

பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டா?

உண்டு, பதவிக்குரிய முழுச் சம்பளம். வெளியே இதுபோன்ற பயிற்சியில் சேரும் பி.ஏ.க்கள் வழக்கமான ஊதியத்தைவிடக் கணிசமாகக் குறைவாகத்தான் வாங்குகிறார்கள். ராணுவம் இலவசமாக எதையும் தராது என்பதால், முடித்த பிறகு குறிப்பிட்ட காலம் படையில் இருந்தே ஆக வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியை மனைவியோடு உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். ஷிப்ட் மாற்றங்களால் அந்த ஒன்றரை ஆண்டும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டில் இருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முடித்த பிறகு மறுபடியும் சுளுக்குப் பார்க்க அனுப்பிவிட்டால் கற்றது துருப்பிடித்துவிடாதா?

பிடிக்கும். இந்தத் திட்டத்தின் பலவீனம் என்று நான் கருதுவது இதைத்தான். முடித்தவர்களில் பலர் ராணுவ மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கும், சிறப்புப் படைப் பிரிவுகளுக்கும், புதியவர்களுக்குக் கற்றுத்தரும் வேலைக்கும் போகிறார்கள். சிலர் மறுபடியும் படைப்பிரிவு அலுவலகத்தில் ஈமெயிலோடு மல்லுக்கட்டுகிறார்கள். மேலதிகாரியின் அனுமதி பெற்று, விடுமுறை நாட்களில் வெளி மருத்துவமனை அவசரப் பிரிவில் ஷிப்ட் எடுத்துக் கையைச் சூடாக வைத்திருப்பவர்கள் உண்டு. காயமடைந்தவர்கள் அதிகம் வரும் ஊர்களின் மருத்துவமனைகளோடு ராணுவம் ஒப்பந்தம் போட்டு ஆட்களை அனுப்புவதும் இதற்காகத்தான்.

நான் சென்னையில் பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் படிக்கிறேன். இதில் சேர முடியுமா?

நேரடியாக முடியாது. அமெரிக்கப் படையில் அதிகாரி ஆகக் குடியுரிமை வேண்டும். அந்நாட்டில் பி.ஏ. உரிமத் தேர்வு எழுத, அங்கே அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்திருக்க வேண்டும். இந்தியப் பட்டம் அந்தக் கணக்கில் வராது.

அதற்காக மனம் தளர வேண்டாம். இந்தியாவில் இந்தப் படிப்பு 1992இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை நிபுணர் கே.எம். செரியன் முயற்சியில் தொடங்கியது. 2021இல் வந்த இணைத் துறைச் சுகாதாரப் பணியாளர் சட்டம் இந்தத் தொழிலையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இதய அறுவை அரங்குகளைச் சுற்றியே வளர்ந்துவிட்ட நம் பி.ஏ.க்களுக்கு அவசர மருத்துவத்தில் முறையான மேற்பயிற்சி ஒன்று இங்கேயே வர வேண்டும் என்று உங்கள் கல்லூரியில் கேளுங்கள்.

ஏற்கனவே படையில் பி.ஏ.வாக இருக்கிறேன், விண்ணப்பிக்கப் போகிறேன். இப்போதே என்ன செய்ய வேண்டும்?

இடங்கள் மிகக் குறைவு, தேர்வுக் குழு பார்த்துத்தான் எடுப்பார்கள். பட்டாலியனில் நல்ல பெயர் எடுத்திருக்க வேண்டும், உடற்தகுதிக் குறிப்புகள் சரியாக இருக்க வேண்டும், உங்களை நேரில் பார்த்த அவசர மருத்துவர் ஒருவரின் பரிந்துரை வேண்டும். அந்தப் பரிந்துரைக்காகவாவது அருகிலுள்ள ராணுவ மருத்துவமனையின் அவசரப் பிரிவில் மாதம் சில ஷிப்ட் போய் நில்லுங்கள். வெள்ளி இரவு ஷிப்ட்டாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். ஈ.சி.ஜி. படிக்கத் தெரியாமல் போகாதீர்கள், முதல் வாரமே கேட்பார்கள்.